கலைப் புத்தகங்களை மொத்த லாட்டாக வாங்கலாமா?

கேள்வி: என் மகள் வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்காக வீட்டில் கலை நூல்கள் கொண்ட சிறு நூலகம் அமைக்க 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். வாட்ஸ்ஆப்பில் அறிமுகமான ஒருவர், 45 வெளிநாட்டுப் புத்தகங்களை ‘இம்போர்ட் லாட்’ என்று 32,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? – ஒரு வாசகர், மதுரை.

பதில்: வாங்காதீர்கள். இத்தகைய லாட்டில் பெயர் பெற்ற ஐந்தாறு தலைப்புகள் போட்டோவில் முன்னால் நிற்கும்; மற்றவை எங்கோ விற்காமல் தேங்கிய வரவேற்பறை அலங்காரப் புத்தகங்களாக இருக்கும். அந்தப் பெயர் பெற்ற தலைப்புகளும் பெரும்பாலும் ஸ்கேன் செய்து அச்சடித்த போலிகளே. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி, படத்தை விட்டுவிட்டுக் கறுப்பு எழுத்தைப் பாருங்கள். அசலில் எழுத்து ஒரே சீரான கறுப்பாகவும் கூரான விளிம்போடும் இருக்கும். போலியில் அதன் ஓரத்தில் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் சிதறியிருக்கும்.

‘பழைய நூலின் மறுபதிப்பு’ என்று விற்கப்படுபவை இன்னொரு பொறி. தோல் அட்டை, பொன்னிற எழுத்து எல்லாம் இருக்கும். உள்ளே வண்ணப் படங்கள் கறுப்பு வெள்ளையில் மங்கிக் கிடக்கும். எந்தப் பதிப்பு என்பது கலை நூலில் அவ்வளவு முக்கியம். ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் வண்ணங்களைப் பற்றி எழுதிய நூல் 1963இல் 150 வண்ணத் தாள்களோடு வந்தது; 1971இன் மலிவுப் பதிப்பில் பத்துதான். தலைப்பை மட்டும் பார்த்து வாங்குபவர் எதை வாங்கினோம் என்றே அறியமாட்டார்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கோட்டோவியங்கள் மட்டுமே உள்ள நூல், அதாவது எழுத்துரு மாதிரிகள், கோலங்கள், துணி அச்சுக்கட்டைகளின் வடிவங்கள் போன்றவை, மறுபதிப்பிலும் பெரும்பாலும் கெடுவதில்லை, ஏனெனில் கோட்டுக்குச் சாயல் வேறுபாடு கிடையாது. ஆனால் மூலத்தின் அளவைக் குறுக்கியிருந்தால் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அதனால் நூலின் நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் கேளுங்கள். கோட்டோவியத்தின் மேல் வண்ணம் பூசியிருந்தால் இந்த விலக்கு பொருந்தாது.

பணத்தை எங்கே போடுவது? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி (Getty) கலை நிறுவனமும் தங்கள் பழைய நூல்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே படிக்கத் தருகின்றன. மகள் அங்கே படிக்கட்டும். திரும்பத் திரும்பப் புரட்டுவதை மட்டும் அச்சில் வாங்குங்கள். நம் அரசு நிறுவனங்களும் அருமையான சிற்ப, ஓவிய நூல்களை வெளியிட்டிருக்கின்றன. அவற்றை வாங்கப் போனால் கவுன்ட்டர் பூட்டியிருக்கும், இல்லையேல் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். கிடங்கில் பூச்சி தின்றாலும் இணையத்தில் விற்க மனம் வராது. போதாக்குறைக்கு 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்கவரியும் விதித்தார்கள். தரகர்களை வளர்ப்பது இதுதான்.

அந்த நபரிடம் 45 நூல்களின் பதிப்புரிமைப் பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘முதல் பதிப்பு’ என்பாரானால், அப்பக்கத்தின் அடியில் உள்ள எண் வரிசையில் 1 இருக்கிறதா என்று பாருங்கள். மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். அனுப்பாமல் முன்பணம் கேட்டால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.