ஐடி துறையில் இருக்கும் பெண்கள், அடுத்து வரும் பெண்களுக்கு உண்மையிலேயே பயன்படும்படி என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் தனக்குப் பத்து வருட அனுபவம் இருப்பதாகவும், மகளிர் தினத்துக்குப் பள்ளி, கல்லூரிகளில் பேச அழைப்பதாகவும், பேசிவிட்டு வந்த பிறகு எதுவும் மாறின மாதிரி தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் ஒதுக்க முடியுமாம். இரண்டு மணி நேரம் தாராளம். எனக்குக் கிடைத்தது அதைவிடக் குறைவு. அதை வைத்துத்தான் இன்றுவரை இந்த வேலையில் இருக்கிறேன். அதனால் முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சாத்தூர் பக்கம். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2010-ல் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். டீமில் பதினான்கு பேர், பெண்கள் மூன்று பேர். நான் எழுதிய முதல் கோடு (புரோகிராம்), மற்றவர்கள் சரிபார்க்கும் ரிவ்யூவிலிருந்து முப்பது குறிப்புகளோடு திரும்பி வந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் வரும் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன். காலை மீட்டிங்கில் சொல்ல வேண்டிய இரண்டு ஆங்கில வாக்கியங்களை முந்தின இரவே மனப்பாடம் செய்து வைப்பேன். மூன்றாவது மாதம் ராஜினாமாக் கடிதம் எழுதி டிராஃப்டில் வைத்திருந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

கம்பெனி பஸ்ஸில் என் ரூட்டிலேயே வருகிற ஒரு அக்கா இருந்தார். வேறு டீம், எட்டு வருட அனுபவம். ஆபீசுக்குள் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், பஸ் ஏறிவிட்டால் அக்கா. ஒரு நாள் நான் என் புரோகிராமை பிரிண்ட் எடுத்து வந்து பஸ்ஸில் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு அஞ்சு மணிக்கு என் இடத்துக்கு வா" என்றார்.

போனேன். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். என் புரோகிராமைப் பார்க்கவே இல்லை. காலையிலிருந்து தான் மாட்டிக்கொண்டிருந்த ஒரு பிரச்சினையைத் திறந்தார். "சும்மா பாரு" என்றார். இருபது நிமிடம் பார்த்தேன். கூகுளில் தேடினார், நான்கு வழிகள் முயன்றார், மூன்று வேலை செய்யவில்லை. ஜாவா எர்ரர் ஐம்பது வரிக்கு ஓடியபோது, "எல்லாத்தையும் படிக்காதே. நம்ம பேக்கேஜ் பேர் முதல்ல எந்த வரியில வருதுன்னு பாரு, மத்ததெல்லாம் ஃபிரேம்வொர்க் கத்துறது" என்றார். அதாவது, நாங்கள் எழுதிய பகுதியின் பெயர் வரும் வரியைத் தேடினால் போதும், மற்ற வரிகள் நாங்கள் பயன்படுத்தும் ஆயத்தத் தொகுப்பிலிருந்து வருபவை. அப்புறம் தனக்கு வந்திருந்த ரிவ்யூ குறிப்புகளைக் காட்டினார். இருபத்திரண்டு இருந்தன.

எட்டு வருடம் வேலை பார்த்தவர் தெரியாமல் தடுமாறுவதையும், தடுமாறுவதை இயல்பாக எடுத்துக்கொண்டு அடுத்த வழிக்குப் போவதையும் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். எத்தனை தன்னம்பிக்கைப் பேச்சு கேட்டிருந்தாலும் எனக்கு அது புரிந்திருக்காது. வாரத்தில் மூன்று நாள், பஸ் கிளம்பும் வரை, நான்கு மாதம் போல நடந்தது. கூட்டிப் பார்த்தால் இருபது மணி நேரம்கூட வராது.

அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு இரண்டு வருடம் கழித்து, வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் ஒரு வேலைக்கு ஆள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் பெயர் வந்தபோது, "நல்லாத்தான் செய்யுது, ஆனா பேச மாட்டேங்குது" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த அக்கா, "அவ எழுதின மெயிலைப் படிச்சுப் பார்த்தீங்களா?" என்று கேட்டு, அந்த மெயிலைத் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறார். வேலை எனக்குக் கிடைத்தது. அவர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இரண்டும்தான். உங்கள் வேலையைத் திறந்து காட்டுங்கள், நீங்கள் தடுமாறும் இடம் உட்பட. புதிதாக வந்த பெண் இல்லாத அறையில் அவள் பெயரை, ஆதாரத்தோடு சொல்லுங்கள். பத்து வருட அனுபவத்தில் நீங்கள் இன்று உட்காரும் மீட்டிங்குகளில் அவளுக்கு நாற்காலி கிடையாது. அதனால் இரண்டாவதை உங்களால்தான் செய்ய முடியும், அதற்கு வாரத்தில் இரண்டு மணி நேரம்கூடத் தேவைப்படாது.

புதிதாகச் சேரும் பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் அலுவலகத்தில் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், யாரிடம் எப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதைப் பெயரோடு சொல்லிவிடுங்கள். தேவைப்படும் நாளில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சரி, பள்ளிக்கு வருகிறேன். வீட்டிலிருந்தே வேலை என்றானபோது நான் ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது மாதத்தில் ஒரு வாரம்தான் சென்னை. 2022 மார்ச்சில் நான் படித்த பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். கைதட்டினார்கள், சால்வை போட்டார்கள். கீழே இறங்கியதும் ஒரு பிள்ளை வந்து, "மிஸ், கம்ப்யூட்டர் வேலைன்னா டைப் அடிக்கிறதா?" என்று கேட்டாள். நாற்பது நிமிடத்தில் நான் சொல்லத் தவறியது அது. அடுத்த சனிக்கிழமையே தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி ஹைடெக் லேபில் உட்கார ஆரம்பித்தேன்.

முதல் மூன்று மாதம் நான் செய்த தவறு, எல்லாரையும் ஒரே வகுப்பாக உட்கார வைத்தது. வீட்டில் லேப்டாப் இருக்கிற இரண்டு பிள்ளைகள் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கலிஃபோர்னியாவில் ஹார்வி மட் என்று ஒரு கல்லூரி இருக்கிறது. 2006-ல் மரியா கிளாவே அதன் தலைவரானார். அப்போது கணினி அறிவியல் எடுப்பவர்களில் பெண்கள் பத்து சதவீதம் அளவுக்குத்தான் இருந்தார்கள். ஐந்தாறு வருடத்தில் அது நாற்பதைத் தொட்டது. அங்கே செய்த மாற்றங்களில் ஒன்று, ஏற்கெனவே புரோகிராமிங் தெரிந்து வருகிறவர்களுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் முதல் பாடத்தைத் தனித்தனிப் பிரிவாக நடத்தியது. வகுப்பில் தன் அறிவைக் காட்டிக்கொண்டே இருக்கும் மாணவரைப் பேராசிரியர் தனியாகக் கூப்பிட்டு, "உங்களோடு பேச எனக்குப் பிடித்திருக்கிறது, அதை வகுப்புக்கு வெளியே வைத்துக்கொள்வோம்" என்கிற பாணியில் நயமாகச் சொல்வாராம். இதைப் படித்துவிட்டுத்தான் நானும் இரண்டு அணியாகப் பிரித்தேன். தலை குனிந்திருந்தவர்களில் ஒருத்தி மூன்றாவது வாரம் பெருக்கல் வாய்ப்பாடு அச்சடிக்கும் பைத்தான் நிரலைத் தானாக எழுதிவிட்டு, லேபே அதிரும்படி கத்தினாள்.

இன்னொரு விதியும் வைத்திருக்கிறேன். மவுஸ் அவள் கையில். நான் தொடக் கூடாது. அவள் தவறான இடத்தில் கிளிக் செய்யும்போது நம் கை தானாகப் போகும், அதனால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு உட்காருவேன். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கீபோர்டு கை மாற வேண்டும், இல்லையென்றால் வேகமானவளே கடைசி வரை வைத்திருப்பாள்.

எப்போதும் இரண்டு பேராகவாவது சேர்த்து வளர்த்துவிடுங்கள், ஒருத்தியை மட்டும் "நம்ம ஸ்டார்" என்று தூக்கி நிறுத்தாதீர்கள். சென்னையில் நடந்த கதையே இதற்கு இருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-ல் சேர்ந்த அ. லலிதா. அவருக்குப் பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டு வயதில் கையில் குழந்தையோடு கணவரை இழந்தவர். அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய அப்பா முதல்வரிடம் பேசி இடம் வாங்கினார். அவ்வளவு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண் என்று ஆகிவிடாதபடி, அடுத்து இன்னும் இரண்டு பெண்கள் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள், பி. கே. த்ரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்ததை அடித்து 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்கள். த்ரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். லலிதா பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலை வரைக்கும் போனார். லலிதாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த மற்ற இரண்டு பேரைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கும்.

கல்லூரியில் இருக்கும் பெண்களுக்கு வழிகாட்டுகிறீர்கள் என்றால் அவுட்ரீச்சி என்ற, உதவித்தொகையோடு மென்பொருள் பயிற்சி தரும் திட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அது உருவான கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2006-ல் கூகுள் சம்மர் ஆஃப் கோடு என்ற மாணவர் பயிற்சிக்காக, நோம் (GNOME) என்ற இலவச மென்பொருள் திட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒருவர்கூடப் பெண் இல்லை. பெண்களுக்கு ஆர்வமில்லை என்று அவர்கள் விட்டுவிடவில்லை. பெண்களுக்கென்றே அதே மாதிரி ஒரு கோடைப் பயிற்சியை, வழிகாட்டிகள் உண்டு என்று தெளிவாகச் சொல்லி அறிவித்தார்கள். நூறு விண்ணப்பங்கள் அளவில் வந்தன. அழைத்த விதம்தான் மாறியிருந்தது. பிறகு நின்றுபோயிருந்த அதை 2010-ல் மரீனா ஜுராகின்ஸ்காயா மீண்டும் எழுப்பினார். அது வளர்ந்து, 2015-ல் அவுட்ரீச்சி என்ற பெயரோடு சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் கீழ் வந்தது. இப்போது பெண்களோடு, இந்தத் துறையில் ஒதுக்கப்பட்ட மற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். மூன்று மாதம், வீட்டிலிருந்தே வேலை, உதவித்தொகை 7,000 டாலர். ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது.

அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது தேர்ந்தெடுக்கும் முறை. ரெஸ்யூம் கேட்பதில்லை. தேர்வுக்கு முன்பே விண்ணப்பதாரர் ஒரு திட்டத்தில் சின்னதாக ஏதாவது செய்து காட்ட வேண்டும், ஆவணத்தில் ஒரு பிழை திருத்துவது, புரோகிராமில் ஒரு சிறிய தவறைச் சரிசெய்வது மாதிரி. அங்கேயே ஒரு வழிகாட்டி இருக்கிறார், கேள்வி கேட்கலாம். விண்ணப்பிக்கும் அந்த வாரங்களில் நம் பிள்ளைகள் நின்றுபோவது பெரும்பாலும் முதல் கேள்வியைப் பொதுவில் ஆங்கிலத்தில் கேட்கும் இடத்தில்தான். உங்கள் இரண்டு மணி நேரத்தை அங்கே கொடுங்கள். அவள் கேள்வியை அவளே எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள், அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தட்டும். தேர்வாகாவிட்டாலும் அவள் பெயரில் ஒரு திருத்தம் உலகம் பார்க்கும் இடத்தில் இருக்கும், அடுத்த இன்டர்வியூவில் அதைக் காட்டலாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் வழிகாட்டுகிறோம் என்று சொல்வது சரியில்லை. எங்கள் லேபில் பாதிப் பிள்ளைகளுக்குப் போன் என்பது அண்ணன் போன், இரவில் அரை மணி நேரம் கைக்கு வரும். அதனால் வீட்டுப்பாடத்தைத் தாளில் செய்யும்படி கொடுப்பேன். மேல்படிப்பு என்றதும் வீட்டில் கேட்பது செலவு, பயணம், தங்குமிடம். இதற்குப் பதில் நம் கையில் தயாராக இருக்க வேண்டும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். வேலைக்குப் போனபின் தங்குவதற்கு அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. ஒரு அம்மாவிடம் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "இதை இவங்க அப்பாகிட்ட நீங்களே ஒருக்கா சொல்லுங்க தாயி" என்றார். போய்ச் சொன்னேன். இரண்டு தடவை போக வேண்டியிருந்தது.

குழந்தை பிறந்து வேலையை விட்ட பெண்கள் உங்கள் வட்டத்தில் இருப்பார்கள், அவர்களையும் விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி 1962-ல் வெறும் ஆறு பவுண்டில் ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கி, அப்படி வேலையை விட்ட பெண்களைத்தான் வீட்டிலிருந்து புரோகிராம் எழுத எடுத்தார். முதல் முந்நூறு பேரில் ஆண்கள் மூன்றே பேர். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு நிரல் எழுதியது அவர்கள்தான். உங்கள் டீமில் ஆள் எடுக்கும்போது, நடுவே மூன்று வருட இடைவெளி இருக்கும் ரெஸ்யூமை யாராவது ஒதுக்கினால், அதை எடுத்து மேலே வையுங்கள்.

எங்கள் முதல் அணியில் இருந்த இரண்டு பிள்ளைகள் இப்போது ஒரே கல்லூரியில் கணினிப் பொறியியல் படிக்கிறார்கள், ஒரே விடுதி அறை. லீவுக்கு வந்தால் சனிக்கிழமை லேபுக்கு வந்துவிடுவார்கள். போன மாதம் அதில் ஒருத்தி ஒன்பதாவது படிக்கும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிள்ளை மேற்கோள் குறியைப் போட மறந்துவிட்டு, எர்ரரை மூன்று முறை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தது. இவள் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, திரையையே பார்த்தபடி காத்திருந்தாள்.