ஸ்காலர்ஷிப் பர்சன்ட் கேக்கறதுக்கு முன்னாடி பாக்ஸ் ஸ்கோரை பாருங்க

அக்கா, உங்க மெசேஜை ரெண்டு தடவை படிச்சேன். பையன் 11ஆவது, பேஸ்பால்ல பிட்ச்சர் (பந்து போடறவன்), 91 மைல் வேகத்துல போடறான், மூணு காலேஜ் கோச்சுங்க கூப்பிட்டு பேசிட்டாங்க, அதுல ஒருத்தர் "வந்த முதல் வருஷமே வீக்எண்ட் ஸ்டார்ட்டர் ஆக்கிடறேன்"னு, அதாவது வார இறுதி மேட்ச்சை ஆரம்பிச்சு வைக்கற பிட்ச்சர் ஆக்கிடறேன்னு சொல்லிட்டாராம், அதைக் கேட்டதுலேருந்து அண்ணனுக்கு சந்தோஷத்துல தூக்கம் இல்ல, உங்களுக்கு பயத்துல தூக்கம் இல்ல. நீங்க கடைசி வரில கேட்டீங்களே, "இவன் கை தாங்குமா தம்பி"ன்னு, அதுதான் கேக்க வேண்டிய கேள்வி. என்கிட்ட யோசனை கேட்டு வர்றவங்கள்ல முக்கால்வாசி பேரு எத்தனை பர்சன்ட் ஸ்காலர்ஷிப்னுதான் ஆரம்பிப்பாங்க.

முதல்ல அண்ணனுக்கு புரியற மாதிரி கிரிக்கெட்ல சொல்றேன். ஒன்டே மேட்ச்ல ஒரு பவுலருக்கு 10 ஓவர், 60 பந்து, அதோட முடிஞ்சுது. பேஸ்பால்ல ஒரு மேட்ச்சுக்கு ஒன்பது இன்னிங்ஸ், உங்க பையன் ஒரு ஸ்டார்ட்ல ஆறு இன்னிங்ஸ் போனா 90, 100 பந்து சாதாரணமா ஆகும். அது ஸ்கோர்போர்டுல வர்ற கணக்கு மட்டும்தான், மேட்ச்சுக்கு முன்னாடி புல்பென்ல (பிட்ச்சருங்க போட்டுப் பழகற இடம்) போட்டது, ஒவ்வொரு இன்னிங்சுக்கும் முன்னாடி போடற வார்ம்அப், இதெல்லாம் யாரும் எழுதறதில்ல, ஆனா கைக்கு எல்லாம் ஒண்ணுதான். கிரிக்கெட்ல ஓடி வந்து கையை நீட்டி போடறோம், இங்க நின்ன இடத்துலேருந்து முழங்கையை மடக்கி சாட்டை மாதிரி சுழட்டணும், அந்த இழுப்பு பூரா முழங்கையோட உள்பக்கம் இருக்கற ஒரு சின்ன லிகமென்ட் (எலும்பையும் எலும்பையும் சேத்துக் கட்டற நார்) மேல விழுது. அது கிழிஞ்சா பண்ற ஆபரேஷன்தான் டாமி ஜான் சர்ஜரி. 1974ல டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் டீம்ல பிட்ச்சரா இருந்த டாமி ஜானுக்கு அவரோட இன்னொரு கையிலேருந்தே ஒரு தசைநாரை எடுத்து முழங்கையில வச்சு தைச்சாரு, அந்த மனுஷன் திரும்பி வந்து 1989 வரைக்கும் ஆடினாரு. இந்தக் கதையை வச்சுக்கிட்டுதான் "ஆபரேஷன் பண்ணா இன்னும் வேகமா போடுவான்"னு சில அப்பாக்கள் சொல்றாங்க, தயவுசெஞ்சு அதை நம்பாதீங்க. திரும்பி மேட்ச் ஆட 12லேருந்து 18 மாசம் ஆகும். நாலு வருஷ காலேஜ்ல ஒரு சீசன் நிச்சயமா போச்சு, நேரம் சரியில்லன்னா ரெண்டாவது சீசன்லயும் பாதி போச்சு.

இப்போ நிறைய பெத்தவங்களுக்கு தெரியாத ஒரு விஷயம். ஹைஸ்கூல் பேஸ்பால்ல 2017லேருந்து ஒவ்வொரு ஸ்டேட்டும் பிட்ச் கவுண்ட் ரூல் வச்சே ஆகணும், இத்தனை பந்து போட்டா இத்தனை நாள் ரெஸ்ட், அதை மீறினா கோச்சுக்கு சிக்கல். காலேஜுக்கு போனதும் அந்த வேலி இல்ல. காலேஜ் விளையாட்டை நடத்தற அமைப்பான என்சிஏஏல இத்தனை பந்துக்கு மேல போடக்கூடாதுன்னு ரூல் கிடையாது. மேஜர் லீக்கும் (உச்ச ப்ரொஃபஷனல் லீக்) யுஎஸ்ஏ பேஸ்பால்ங்கற தேசிய அமைப்பும் சேர்ந்து 2014ல கொண்டுவந்த பிட்ச் ஸ்மார்ட்னு ஒரு வழிகாட்டி இருக்கு, அதுல 17-18 வயசுக்கு ஒரு நாளைக்கு 105 பந்து, 19லேருந்து 22 வயசுக்கு 120, காலேஜ் வயசுல 81லேருந்து 105 பந்து போட்டா நாலு நாள் ரெஸ்ட், 105ஐ தாண்டினா அஞ்சு நாள்னு போட்டிருக்காங்க. நல்ல அளவுகோல்தான், ஆனா அது வழிகாட்டிதான், சட்டம் இல்ல. ஆக உங்க பையனோட கைக்கு யார் கணக்குப்பிள்ளைன்னு பாத்தா பிட்ச்சிங் கோச் ஒருத்தர்தான், அவருக்கு வேலை நிலைக்கறது ஜெயிச்சாத்தான். அவரு கெட்டவருன்னு சொல்லல, ரெண்டு பேரோட அவசரமும் வேற வேறங்கறதுதான் விஷயம்.

நியாயமா சொல்லணும்னா காலேஜ் அட்டவணை ஒரு விதத்துல ப்ரொஃபஷனலை விட நல்லது. பிப்ரவரி நடுவுல ஆரம்பிச்சு 56 மேட்ச், வெள்ளி சனி ஞாயிறு ஒரே டீமோட தொடர், வாரத்து நடுவுல செவ்வாயோ புதனோ ஒண்ணு. வெள்ளிக்கிழமை ஸ்டார்ட்டர்னா டீமோட முதல் ஆளு, அவரு அடுத்த வெள்ளிக்கிழமைதான் திரும்ப போடுவாரு. மேஜர் லீக்ல அஞ்சாறு நாளுக்கு ஒரு தடவை போடணும், இங்க ஏழு நாள் கிடைக்குது, நடுவுல ஒரு சின்ன புல்பென், கொஞ்சம் லாங் டாஸ் (தூரமா எறிஞ்சு பழகறது), ஜிம். பிப்ரவரி மார்ச் ஏப்ரல் வரைக்கும் பெரும்பாலான கோச்சுங்க ஒழுங்காத்தான் இருப்பாங்க.

சிக்கல் எல்லாம் மே கடைசிலதான். கான்ஃபரன்ஸ் (ஒரே குழுவுல இருக்கற காலேஜுங்க) டோர்னமென்ட், அப்புறம் 64 டீம் போற என்சிஏஏ ரீஜனல், நாலு நாலு டீமா 16 ஊர்ல, ரெண்டு தடவை தோத்தா வெளிய, வெள்ளியிலேருந்து திங்கள் வரைக்கும் நாலு நாளுக்குள்ள எல்லாம் முடியணும். அப்போ வெள்ளிக்கிழமை 100 பந்து போட்ட பையனை ஞாயித்துக்கிழமையோ திங்கக்கிழமையோ "ரெண்டே இன்னிங்ஸ்டா, கை எப்படி இருக்கு"ன்னு கேப்பாங்க. 20 வயசு பையன், ஸ்டேடியம் பூரா கத்துது, கூட ஆடற பசங்க பாத்துட்டு நிக்கறாங்க, அவன் வலிக்குதுன்னு சொல்வானா?

2009 மே 30 ராத்திரி ஆஸ்டின்ல டெக்சாஸும் பாஸ்டன் காலேஜும் 25 இன்னிங்ஸ் ஆடினாங்க, ஏழு மணி நேரம் ஓடின மேட்ச். டெக்சாஸோட ஆஸ்டின் வுட்னு ஒரு ரிலீவர் (நடுவுல மாத்தி இறங்கற பிட்ச்சர்), முந்தின நாளே ரெண்டு இன்னிங்ஸ் போட்டவரு, அன்னிக்கு நடுவுல இறங்கி 13 இன்னிங்ஸ், 169 பந்து, ஒரு ரன் கூட விடல. கேக்க காவியம் மாதிரி இருக்கும், டெக்சாஸ் 3-2னு ஜெயிச்சுது, டெட்ராய்ட் டைகர்ஸ் அவரை டிராஃப்ட்லயும் (ப்ரொஃபஷனல் டீமுங்க புது ஆளுங்களை வரிசையா தேர்ந்தெடுக்கறது) எடுத்தாங்க. ஆனா தோள்பட்டை தொந்தரவு வந்து மேஜர் லீக்ல ஒரு மேட்ச் கூட ஆடல. அந்த ஒரு ராத்திரிதான் காரணம்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாது, நானும் பண்ணல.

இன்னொரு பிட்ச்சரை உங்க வீட்டுலயே பேசியிருப்பீங்க, குமார் ராக்கர். அம்மா வழியில இந்திய வம்சாவளி, அதனால நம்ம ஆளுங்க வீட்டுல எல்லாம் அவரு பேரு வரும். 2019ல வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டில முதல் வருஷ பையனா இருக்கும்போதே ரீஜனலுக்கு அடுத்த சுற்றான சூப்பர் ரீஜனல்ல டியூக் டீமுக்கு எதிரா நோ-ஹிட்டர் (எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட கொடுக்காம முடிக்கறது), 19 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டரை அவுட் ஆக்கறது), அன்னிக்கு அவரு போட்டது 131 பந்து. ஹைலைட்ஸ் போடறவங்க யாரும் அந்த 131ஐ சொல்ல மாட்டாங்க. 2021 டிராஃப்ட்ல மெட்ஸ் டீம் பத்தாவது ஆளா எடுத்துட்டு மெடிக்கல் பாத்து கையெழுத்து போடாமலே விட்டாங்க, அந்த வருஷமே தோள்ல ஆபரேஷன். அடுத்த வருஷம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மூணாவது ஆளா எடுத்தாங்க, 2023ல டாமி ஜான், ஒரு வழியா 2024 செப்டம்பர்ல மேஜர் லீக்ல இறங்கினாரு. அவரு தப்பிச்சு வந்துட்டாரு, நடுவுல போன வருஷங்களை எண்ணிப் பாருங்க.

அதே நேரம் பால் ஸ்கீன்ஸ், 2023ல எல்எஸ்யூவுக்கு (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) ஏஸா, அதாவது முதல் பிட்ச்சரா, 122 இன்னிங்சுக்கு மேல போட்டு சாம்பியனும் ஆகி டிராஃப்ட்ல முதல் ஆளா போனாரு, பைரேட்ஸ் டீம் அந்த கோடையில அவரை ஏழு இன்னிங்ஸ் கூட போட விடாம அடக்கி வச்சாங்க, 2024 மே மாசம் மேஜர் லீக் வந்துட்டாரு. நிறைய போட்டாலே உடையும்னு இல்ல, எந்த உடம்பு எதை தாங்கும்னு முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, அதனாலதான் கணக்கு வேணும்.

சரி, நீங்க என்ன பண்ணணும். அந்த மூணு காலேஜோட பேஸ்பால் வெப்சைட்டுக்கு போங்க, போன ரெண்டு வருஷ அட்டவணையில ஒவ்வொரு மேட்ச்சுக்கும் பாக்ஸ் ஸ்கோர் (யாரு என்ன பண்ணாங்கங்கற மேட்ச் கணக்கு) இருக்கும், பெரும்பாலும் பிட்ச்சருங்க போட்ட பந்து எண்ணிக்கையும் அதுலயே இருக்கும். மார்ச் மாச வெள்ளிக்கிழமைய விடுங்க, மே கடைசி ஜூன் முதல் வாரத்தை எடுங்க. வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் பண்ணவரு பேரு ஞாயிறு திங்கள்ல மறுபடி வருதா, வந்தா எத்தனை பந்து, 110ஐ தாண்டின ஸ்டார்ட் சீசன்ல எத்தனை, அப்புறம் 10-1னு ஜெயிச்சுட்டிருக்கற மேட்ச்ல ஏழாவது இன்னிங்ஸ்ல யாரு போட்டுட்டிருக்கா? இந்தக் கடைசி ஒண்ணுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை. தோக்கப்போற மேட்ச்ல ஆளை இழுத்தடிக்கறதாவது புரியும், ஜெயிச்சு முடிஞ்ச மேட்ச்ல ஏஸை விட்டு வைக்கறவருக்கு கணக்கே இல்லன்னு அர்த்தம். அப்புறம் ரோஸ்டர்ல (டீம் ஆளுங்க பட்டியல்) மூணு வருஷத்துக்கு முன்னாடி முதல் வருஷம் சேந்த பிட்ச்சருங்க பேரை எழுதுங்க, இப்போ எத்தனை பேரு இருக்காங்க, ஒரு சீசன் பூரா ஆடாம இருந்தவங்க எத்தனை பேரு? டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியா வேற காலேஜுக்கு மாறிப் போனவங்களும் இருப்பாங்க, எல்லாரையும் காயம்னு நினைச்சுக்காதீங்க. இதை அண்ணன்கிட்ட கொடுத்தா எக்செல் ஷீட் போட்டு ஒரே ராத்திரில முடிச்சுடுவாரு.

கோச்சோட பேசும்போது "என் பையனை பாத்துக்குவீங்களா"ன்னு கேக்காதீங்க, யாரு முடியாதுன்னு சொல்லப்போறா. ஃபால் (செப்டம்பர்-நவம்பர்) பிராக்டிஸ்லேருந்து ஜூன் வரைக்கும் பந்தை யாரு எண்ணறாங்க, புல்பென்ல போடறதையும் சேத்து எண்ணறாங்களா, சம்மர்ல கேப் காட் மாதிரி காலேஜ் பசங்க ஆடற லீக்குக்கு அனுப்பறதை யாரு முடிவு பண்றாங்க, கடைசியா கைவலின்னு சொன்ன பையனுக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. வருஷத்துல எட்டு மாசத்துக்கு மேல போட்டியில போடற பசங்களுக்கும், களைப்பு இருக்கும்போதே போடற பசங்களுக்கும்தான் ஆபரேஷன் அதிகம்னு அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம்ல இருக்கற ஸ்போர்ட்ஸ் மெடிசின் இன்ஸ்டிட்யூட்காரங்க ரொம்ப வருஷமா சொல்லிட்டிருக்காங்க. அதனால உங்க பையனோட இப்போதைய டிராவல் பால் (ஸ்கூலுக்கு வெளிய கிளப் டீமோட ஊர் ஊரா போய் ஆடறது) கணக்கையும் பாத்துக்கோங்க, அக்டோபர்ல ஷோகேஸ் (கோச்சுங்க முன்னாடி போட்டுக் காட்டற நிகழ்ச்சி), டிசம்பர்ல ஷோகேஸ்னு வேகத்தை அளக்கற ரேடார் கன்னுக்காக ஓடறதை கொஞ்சம் நிறுத்தலாம், பிடிக்கற கோச் ஏற்கனவே பிடிச்சுட்டாரு.

இன்னொண்ணு, டீமோட காயங்களை கவனிக்கற அத்லெட்டிக் டிரெய்னரை தனியா பாருங்க. பையன் ஆடலாமா வேண்டாமாங்கற மருத்துவ முடிவுல என்சிஏஏ ரூல்படி கோச் தலையிடக்கூடாது, அது மெடிக்கல் ஆளுங்க கையில இருக்கு. என்சிஏஏவோட மேல்மட்டமான டிவிஷன் 1ல ஆட்டத்துல பட்ட காயத்துக்கு காலேஜ் முடிஞ்சு குறைஞ்சது ரெண்டு வருஷம் வரைக்கும் மெடிக்கல் செலவை காலேஜே பாத்துக்கணும்னு 2024லேருந்து ரூல் இருக்கு, அதை எழுத்துல கேட்டு வாங்குங்க.

ஸ்காலர்ஷிப் பத்தி சுருக்கமா. முன்னாடி ஒரு டீமுக்கே மொத்தம் 11.7 முழு ஸ்காலர்ஷிப், அதை உடைச்சு உடைச்சு கொடுப்பாங்க. 2025ல வந்த ஹவுஸ் செட்டில்மென்ட்ங்கற கோர்ட் சமரசத்துக்கு அப்புறம் அதுல சேந்த காலேஜுங்க 34 பேரு ரோஸ்டர், வேணும்னா 34 பேருக்கும் முழுசா கொடுக்கலாம், கொடுக்கலாம்னுதான் இருக்கு, கொடுக்கணும்னு இல்ல. ரோஸ்டர் சின்னதாச்சுன்னா கைகளும் கம்மி, இருக்கற கைங்க மேல பாரம் கூடுமான்னு எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு, அதையும் கோச்சுகிட்ட கேட்டு வைங்க. ஸ்காலர்ஷிப் ஒரு வருஷத்துக்கா நாலு வருஷத்துக்கா, காயம் பட்டா நிக்குமா, இது ரெண்டும் பர்சன்ட்டை விட முக்கியம்.

படிப்பு. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் வேணும்ங்கறான்னு சொன்னீங்க, முடியும், ஆனா ஸ்பிரிங் செமஸ்டர்ல வெள்ளிக்கிழமை லேப் இருந்தா பாதி வாரம் பஸ்ல இருப்பான். வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பிராக்டிஸ்னு ரூல், பயணம் அதுல சேராது. கஷ்டமான பாடங்களை ஃபால்ல வச்சுக்கிட்டு ஸ்பிரிங்ல லேசா எடுக்க அந்த டிபார்ட்மென்ட் விடுதான்னு பாருங்க. நாலு வருஷ காலேஜ்ல சேந்தா மூணாவது வருஷம் முடிஞ்சோ 21 வயசு ஆனாலோதான் திரும்ப டிராஃப்ட்டுக்கு போக முடியும், அதுவரைக்கும் டிகிரி முக்கால் கிணறு தாண்டியிருக்கணும்.

என்கிட்ட வந்த ஒரு பையன், பேரு வேணாம், ஏப்ரல் மாசம் பூரா முழங்கை குத்துதுன்னு தெரிஞ்சும் அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னான், அவங்க கோச்கிட்ட சொன்னா இடம் போயிடும்னு பயந்து தைலம் தேச்சு அனுப்பினாங்க. அந்த அம்மா இப்பவும் அதைச் சொல்லும்போது குரல் உடையும். உங்க பையன்கிட்ட இன்னிக்கே பேசி வைங்க, கை இறுக்கமா இருந்தா யாருகிட்ட முதல்ல சொல்லணும், எந்த வார்த்தையில சொல்லணும்னு. "கொஞ்சம் டைட்டா இருக்கு"ன்னு சொன்னா கோச்சுக்கு அது காதுலயே விழாது, "உள்பக்கம் இந்த இடத்துல குத்துது, நேத்துலேருந்து"ன்னு சொல்லப் பழக்குங்க.

சனிக்கிழமை காலையில பேசலாம் அக்கா, அண்ணனோட எக்செல் ஷீட்டை முந்தின நாளே அனுப்பிடுங்க, பையனையும் பக்கத்துல உக்கார வைங்க, எனக்கு அவன்கிட்டயும் நாலு கேள்வி இருக்கு. அந்த முதல் வருஷமே ஸ்டார்ட்டர்னு சொன்ன கோச்சுக்கு அதுவரைக்கும் பதில் அனுப்ப வேண்டாம்.