நன்றி இன்றைக்கே, சம்மதம் படித்த பிறகு

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு மூன்று வருடமாகப் பாரிமுனையில் துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். கையில் 18,000 வருகிறது. இப்போது கிண்டியில் ஒரு கம்பெனியிலிருந்து மெயிலில் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. சி.டி.சி. (கம்பெனி எனக்காக ஒரு வருடத்தில் செய்யும் மொத்தச் செலவு) 3,60,000. பதினைந்து நாளில் சேரச் சொல்கிறார்கள். இங்கே ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை; என் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு மருத்துவக் காப்பீடு) கார்டில்தான் அயனாவரம் ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம். "எதையாவது கேட்டா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க, உடனே ஓகே சொல்லு" என்கிறார் அப்பா. எப்படிப் பதில் எழுதுவது?
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் வாழ்த்துகள். அப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. வேலை கொடுக்கிறவரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்றே நம் பக்கத்தில் பல வீடுகளில் பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். ஆனால் ஒரு கம்பெனி பல பேரைப் பார்த்து, இன்டர்வியூ வைத்து, உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அந்தக் கடிதம் வருகிறது. மரியாதையாகக் கேட்கும் இரண்டு கேள்விக்காக அந்த வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

இன்று ஒரு மெயில் போதும். "ஆஃபர் லெட்டர் கிடைத்தது, மிக்க நன்றி. உங்கள் நிறுவனத்தில் சேர எனக்கு விருப்பம். முழுவதும் படித்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்புகிறேன்." இவ்வளவுதான், ஆங்கிலத்தில் மூன்று சிறிய வாக்கியம். வாட்ஸ்அப்பில் "ஓகே சார்" வேண்டாம். எச்.ஆர். போன் செய்து "ஓகேதானே?" என்று கேட்டாலும், "ரொம்ப நன்றி மேடம், மெயிலில் எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். இந்த மெயிலில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்ற சொல் வரக் கூடாது.

பிறகு லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சம்பளப் பிரிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். 3,60,000 என்றால் மாதம் 30,000 என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். உங்கள் லெட்டரை நான் பார்க்கவில்லை, அதனால் ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 15,000 என்றால் கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,800. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) 4.81 சதவீதம், சுமார் 720. வருடக் கடைசியில் தரும் இன்சென்டிவ் என்று மாதம் 2,000 ஒதுக்கியிருந்தால் அதுவும் மாதச் சம்பளத்தில் வராது. மீதி 25,480. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 1,800 போனால் கைக்கு வருவது 23,700-க்குள்தான். நல்ல உயர்வுதான், ஆனால் 30,000 என்று நினைத்துச் சீட்டுக்கோ வண்டித் தவணைக்கோ கை நீட்டிவிடாதீர்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அம்மாவின் விஷயம். இ.எஸ்.ஐ.க்குச் சம்பள வரம்பு மாதம் 21,000. புதிய வேலையில் அதைத் தாண்டிவிட்டால் அங்கே உங்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. கம்பெனியில் மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கலாம். அதில் பெற்றோரும் சேருவார்களா என்பதுதான் கேள்வி. ஊழியருக்கு மட்டும் என்று வைத்திருக்கும் இடங்கள் நிறைய. சேர்த்தாலும் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும், மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு உதவாது. அந்தச் செலவைச் சம்பள உயர்விலிருந்து கழித்துப் பாருங்கள்.

போக்குவரத்து பெரிய கவலை இல்லை. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, தண்டையார்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்கலாம். கட்டணத்தை மட்டும் கணக்கில் சேருங்கள்.

இனி இரண்டாவது மெயில். கேட்க வேண்டியதெல்லாம் இந்த ஒரே கடிதத்தில் இருக்கட்டும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று கேட்பதுதான் அவர்களுக்குச் சலிப்பைத் தரும். "இப்போதைய இடத்தில் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருப்பதால், சேரும் தேதியை அதற்கேற்ப மாற்றித் தர முடியுமா? மெடிக்கல் இன்சூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்க வழி உண்டா?" சம்பளம் கூட்டிக் கேட்பதாக இருந்தால் ஒரு தொகையைச் சொல்லி, ஒரே ஒரு முறை கேளுங்கள். மூன்று வருடமாக ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி என்று ஏற்றுமதி, இறக்குமதிச் சுங்கப் பத்திரங்கள் எல்லாம் பார்த்த அனுபவத்தைக் காரணமாக எழுதுங்கள். வீட்டுக் கஷ்டத்தை எழுத வேண்டாம். முகவரியில் தண்டையார்பேட்டை என்று இருப்பதற்காகக் குரலைத் தாழ்த்தவும் வேண்டாம். துறைமுக வேலை தெரிந்த பெண் என்பது அந்த ஆபீஸில் உங்களுக்குப் பலம்.

லேப்டாப்புக்கு டெபாசிட், டிரெயினிங்குக்குப் பணம் என்று யாராவது கேட்டால் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது.

போனில் "பார்த்துக்கலாம், வாங்க" என்றால் அது பதில் ஆகாது. மாற்றிய தேதி எழுத்தில் வந்த பிறகு, பதவி, சம்பளம், சேரும் நாள் மூன்றையும் குறிப்பிட்டு ஏற்பு மெயிலை அனுப்பி, கையெழுத்திட்ட பிரதியையும் இணையுங்கள். பாரிமுனை ஆபீஸில் ராஜினாமா கொடுப்பது அதற்கு மறுநாள்தான். முதலாளியிடம் நேரில் சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கொடுங்கள், ரிலீவிங் லெட்டரை அப்போதே கேட்டு வையுங்கள். பி.எஃப். கணக்குக்கான உங்கள் நிரந்தர அடையாள எண்ணான யு.ஏ.என்.-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள், புதிய இடத்தில் அதே எண்தான் தொடரும்.