வீடியோ கேப்சருக்கு எந்த ரெய்டு? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: வெளியிலிருந்து வரும் வீடியோவைக் கணினியில் பதிய எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு ஒன்று வாங்கியிருக்கிறேன். அதற்கு எந்த ரெய்டு, அதாவது பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் எந்த முறை, சிறந்தது?

ப: எந்தத் தெளிவுத்திறன், நொடிக்கு எத்தனை ஃபிரேம், எந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) ஆகிய மூன்றையும் எழுதாமல் எந்த ரெய்டு என்று கேட்பது, பந்தியில் எத்தனை பேர் என்று சொல்லாமல் எவ்வளவு அரிசி போடலாம் என்று சமையல்காரரைக் கேட்பதற்குச் சமம். இத்தகைய கடிதங்களே தொடர்ந்து அதிகமாக வருவதால் கணக்கை மீண்டும் எழுதுகிறேன். 1080, 25 ஃபிரேம், ப்ரோரெஸ் 422 எச்கியூ என்ற கோடெக் என்றால் நொடிக்கு 23 மெகாபைட். இதற்கு ரெய்டே வேண்டாம். அதே படம் சுருக்கப்படாத 10 பிட் 4:2:2 (நிற விவரம் பதியப்படும் அளவு) ஆனால் 140 மெகாபைட், 50 ஃபிரேம் ஆனால் 280. சுருக்கப்படாத 4கே 25 ஃபிரேமில் 550, 50 ஃபிரேமில் 1,100. உங்களுடையது இவற்றில் எது என்று பார்த்துக்கொண்டு, அதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எழுதும் வேகத்தை டிஸ்க் நிரம்பும் வேளையிலும் தரக்கூடிய அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். கேமராவோ டேப்போ உங்கள் டிஸ்க்குக்காக ஒரு நொடியும் நின்று காத்திருக்காது. ஆகவே உச்ச வேகத்தை விட்டுவிட்டு, மிகக் குறைந்த வேகம் எவ்வளவு என்று பாருங்கள்.

கே: மதர்போர்டிலேயே உள்ள ரெய்டு 0-இல் (தரவைப் பிரித்து எல்லா டிஸ்க்குகளிலும் எழுதும் முறை) நிமிடத்துக்கு 7,200 சுழற்சி உள்ள இரண்டு டிஸ்க்குகளை இணைத்தால், 1080 25 ஃபிரேம் சுருக்கப்படாத 10 பிட்டுக்குப் போதுமா?

ப: போதும். தட்டின் வெளிவிளிம்பில் டிஸ்க் ஒன்றுக்கு 200 மெகாபைட் கிடைக்கும். உள்விளிம்பை நெருங்கும்போது அது பாதியாகிவிடும். இரண்டும் சேர்ந்து கடைசியில் 200 தரும் என்பதால் 140 அதற்குள் அடங்கும். ஆயினும் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். இயங்குதளத்தை வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். ஒன்று போனால் இரண்டிலும் உள்ளது போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

கே: மதர்போர்டு ரெய்டு 5-இல் நான்கு டிஸ்க்குகள் வைத்துள்ளேன். சோதனையில் 500 மெகாபைட் காட்டுகிறது. ஆனால் 140 மெகாபைட் கேப்சரில் ஃபிரேம்கள் விடுபடுகின்றன. வேறு கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கார்டு) வாங்கலாமா?

ப: அந்த 500 படிக்கும் வேகமா, எழுதும் வேகமா? நீங்கள் எழுதவில்லை. படிக்கும் வேகம் என்று நிச்சயமாகச் சொல்வேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். கேப்சர் என்பது முழுக்க முழுக்க எழுதும் வேலை.

ரெய்டு 5-இல் ஒரு ஸ்ட்ரைப்பின் (எல்லா டிஸ்க்குகளிலும் பரவும் ஒரு வரிசைத் தரவு) சிறு பகுதியை மட்டும் மாற்ற வேண்டுமானால், பழைய தரவையும் பழைய பேரிட்டியையும் (ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்ததை மீட்க உதவும் கணக்கு) படித்து, புதிய பேரிட்டியைக் கணக்கிட்டு, இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். அதாவது ஒருமுறை எழுதுவதற்கு நான்கு டிஸ்க் வேலைகள். வீடியோ தொடர்ச்சியாக வருவது என்பதால், ஒரு முழு ஸ்ட்ரைப் சேரும் வரை தரவை நினைவகத்தில் திரட்டிவைத்து ஒரேயடியாக எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. அப்படித் திரட்டிவைக்கும் இடம்தான் கன்ட்ரோலர் கார்டில் உள்ள கேச். பேரிட்டிக் கணக்கைச் செய்ய இன்றைய பிராசஸருக்கு ஒரு சிரமமும் இல்லை. மதர்போர்டு ரெய்டில் குறைவது கணக்குப் போடும் திறன் அல்ல, இந்தக் கேச்தான். டிரைவர் அமைப்பில் ரைட்-பேக்கை (முதலில் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு பின்னர் டிஸ்க்கில் எழுதும் முறை) இயக்கினால் கணினியின் நினைவகமே அந்த வேலையைச் செய்யும், வேகமும் ஏறும். யுபிஎஸ் இல்லாமல் அதைச் செய்தால் மின்சாரம் போகும் நொடியில் நினைவகத்தில் நின்றது அப்படியே போய்விடும்.

கேச் உள்ள கார்டு வாங்கினால் எல்லாம் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். அந்தக் கேச்சைக் காப்பது ஒரு சிறிய பேட்டரி. அது செத்துவிட்டால் கார்டு தானாகவே ரைட்-த்ரூவுக்கு, அதாவது உடனுக்குடன் டிஸ்க்கிலேயே எழுதும் முறைக்கு, மாறிக்கொள்ளும். நீங்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வேகம் சத்தமில்லாமல் காணாமல் போகும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு மணி நேர டேப் ஒன்றைப் பதிந்துகொண்டிருந்தபோது, ஒரு மணி நேரம் ஒழுங்காகப் போனது திடீரென ஃபிரேம்களை விடத் தொடங்கியது. டிஸ்க், கேபிள், டேப் எல்லாவற்றையும் சந்தேகித்து ஒரு நாள் வீணான பிறகே கார்டின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். பேட்டரி தன் கொள்ளளவைத் தானே அளந்துகொள்ளக் காலியாகி மீண்டும் ஏறும் சுழற்சியில் இருந்தது. அது முடியும் வரை கேச் அணைந்தே இருக்கும். பழைய கார்டுகள் பலவற்றில் இது குறித்த இடைவெளியில் தானாகவே நடக்கும். பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் வைத்த கார்டு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

போதாததற்கு, ஒரு டிஸ்க் போய், 8 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வீதம் மீட்டெழுதினால் 15 மணி நேரம் ஆகும். அதுவரை கேப்சர் பக்கமே போக முடியாது. ஆகவே உங்களுக்குக் கன்ட்ரோலரே வேண்டாம். டேப்பிலிருந்து பதிகிறீர்கள், மீண்டும் ஓட்டிக்கொள்ளலாம் என்றால், அந்த நான்கையும் ரெய்டு 0 ஆக்கிவிட்டு அன்றிரவே வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மறுபடி கிடைக்காத நேரடி நிகழ்ச்சி என்றால், ரெய்டு 10 (ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு நகல் டிஸ்க் இருக்கும் முறை) வைத்து, கேமராவின் கார்டிலும் கூடவே பதியுங்கள். எதுவானாலும் ரெய்டு என்பது பேக்கப் அல்ல.

கே: சர்வரிலிருந்து கழற்றிய 8 போர்ட் எஸ்ஏஎஸ் கார்டு (சர்வர் டிஸ்க்குகளை இணைப்பது) மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ப: டிஸ்க்குகளை அப்படியே கணினிக்குக் காட்டும், ரெய்டு இல்லாத எச்பிஏவாக, அதாவது ஐடி மோடில் இயங்குவதாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம், ரெய்டு வேலையை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். மூன்று எச்சரிக்கைகள். சர்வர் பெட்டியின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்ட கார்டு இது. சாதாரணக் கேபினெட்டில் அதன் ஹீட்சிங்க்கின் மேல் ஒரு சிறு விசிறி வைக்காவிட்டால் கொதிக்கும். அடுத்து, பார்ப்பதற்கு நீளமாக இருக்கும் ஸ்லாட்டுக்குள் எத்தனை லேன் (தரவு செல்லும் பாதை) ஓடுகிறது என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள்: எட்டு டிஸ்க்குகள் 1,600 மெகாபைட் தரும்போது, பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0-இன் ஒரு லேன் 500-க்கு மேல் விடாது. கடைசியாகக் கேபிள். கார்டிலிருந்து நான்கு சாட்டா டிஸ்க்குகளுக்குப் பிரியும் கேபிளில் நேர்வகை, எதிர்வகை என இரண்டு உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, எதிர்வகையை மாட்டினால் ஒரு டிஸ்க்கும் தெரியாது. உங்களுக்கு வேண்டியது நேர்வகை.

கே: ஸ்ட்ரைப் அளவு எவ்வளவு வைக்கலாம்?

ப: 256 கிலோபைட்; விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் கிளஸ்டர் (கோப்புக்கு ஒதுக்கப்படும் மிகச் சிறிய இடம்) 64 கிலோபைட். இதிலே ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள்.

கே: கண்காணிப்புக் கேமராவுக்கான டிஸ்க்குகள் மலிவாக உள்ளன. கேப்சருக்கு ஆகுமா?

ப: ஆகும். இடைவிடாமல் எழுதுவதற்கென்றே செய்யப்பட்டவை அவை. எதை வாங்கினாலும் எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து எழுதும்) வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். நேரம் போகப்போக எழுதும் வேகம் சரிந்துவிடும் அந்த வகை கேப்சருக்கு ஒருபோதும் உதவாது. மேசைக்கணினி டிஸ்க்குகளுக்கு இன்னொரு குணம் உண்டு: படிக்க முடியாத ஓர் இடத்தோடு வெகுநேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும், ரெய்டு கன்ட்ரோலர் அது செத்துவிட்டதென்று நினைத்துத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடும். ரெய்டுக்கென்று விற்கப்படும் டிஸ்க் 7 நொடி அளவில் விட்டுவிடும்.

கே: ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும் முறை) வைத்திருக்கிறேன். தனியாகப் பேக்கப் தேவையில்லை அல்லவா?

ப: தேவை. தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும்.

கே: இத்தனை டிஸ்க்குகளுக்குப் பதில் ஒரே ஒரு 2 டெராபைட் என்விஎம்இ (சுழலும் தட்டில்லாத அதிவேக எஸ்எஸ்டி) போதாதா?

ப: வேகத்துக்குப் போதும், கொள்ளளவைத்தான் யோசிக்க வேண்டும். சுருக்கப்படாத 1080 25 ஃபிரேம் ஒரு மணி நேரத்துக்கு அரை டெராபைட்; 4கே என்றால் ஒரு மணி நேரத்திலேயே உங்கள் 2 டெராபைட் நிறைந்துவிடும். ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி வகையைத் தவிர்த்து, மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வாங்குங்கள். பெட்டியில் அச்சிட்ட வேகம் உள்ளே இருக்கும் வேகக் கேச் நிரம்பும் வரைதான். அது நிரம்பிய பின் மலிவான கியூஎல்சி சுழலும் டிஸ்க்கைவிடக் கீழே இறங்கிவிடும். வாங்கியதும் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பதிந்து சோதியுங்கள்.

கே: வீட்டிலுள்ள விஎச்எஸ் டேப்புகளைக் கணினிக்கு மாற்றுகிறேன். ஃபிரேம்கள் விடுபடுவதால் ரெய்டு 0 போட்டேன், அப்போதும் தீரவில்லை.

ப: தீராது. பழைய பிஏஎல் (நம் நாட்டில் வழங்கிய தொலைக்காட்சித் தரம்) வீடியோ சுருக்கப்படாத 8 பிட்டிலும் நொடிக்கு 20 மெகாபைட்தான், யுஎஸ்பி 3.0 வெளி டிஸ்க் ஒன்றே அதைத் தாராளமாகத் தாங்கும். டேப்பில் ஒரே பகுதியை இருமுறை பதிந்து பாருங்கள். இருமுறையும் ஏறத்தாழ அதே இடத்தில் ஃபிரேம் விட்டால் குற்றம் பெரும்பாலும் டேப்பினுடையது: தேய்ந்த டேப்பின் ஒத்திசைவுச் சமிக்ஞை தள்ளாடும்போது கேப்சர் கார்டு ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் விட்டுவிடுகிறது. வெவ்வேறு இடங்களில் விட்டால் ஆன்டிவைரஸையும் மின்சேமிப்பு அமைப்பையும் அணைத்துப் பாருங்கள். டேப்தான் காரணம் என்றால் உங்களுக்கு வேண்டியது அந்தத் தள்ளாட்டத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர். அடுத்த டிஸ்க்குக்கு வைத்திருக்கும் பணத்தை அதற்குக் கொடுங்கள். ரெய்டு 0-ஐக் கலைத்தால் உங்களிடம் டிஸ்க் ஒன்று மிஞ்சுமே, அதில் பேக்கப் எடுங்கள்.