தமிழில் வேகமாக, பிழையில்லாமல் டைப் செய்ய எந்த மென்பொருள்?

ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும்போது ல, ள, ழ குழம்புகிறது, வேகமும் வரவில்லை என்கிறீர்கள். விண்டோஸ் கணினியில் தமிழ் டைப் செய்ய உதவும் என்எச்எம் ரைட்டர் (NHM Writer) மென்பொருளை நிறுவி, அதில் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். 1999 சென்னை தமிழ்இணைய மாநாட்டில் உருவான அமைப்பு இது. உயிரெழுத்துகள் இடக்கையில், மற்றவை பெரும்பாலும் வலக்கையில். ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை, ஷிஃப்ட் தேவையில்லை.

இதன் பெரிய அருமை, புள்ளியைத் தானே வைத்துக்கொள்வதுதான். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ. ‘பந்து’வுக்கு ப, ந, த, உ. நான்கே தட்டு! ங-க, ஞ-ச, ண-ட, ம-ப, ன-ற சேர்ந்து வந்தாலும் அப்படியே.

புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். ‘மமதை’ என்று அடித்தால் ‘ம்மதை’ என வரும். முதல் ம-வுக்குப் பின் அ விசையைத் தட்டினால் சரியாகிவிடும். சொல்லின் கடைசிப் புள்ளிக்கு எஃப் விசை.

பழகும்வரை பழைய முறைக்குத் திரும்பாதீர்கள், விரல் குழம்பும்.