செயலாளரின் முதல் வேலை எழுதி வைப்பது

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் 36 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்துக்குச் செயலாளராகத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறேன். எங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. முந்தைய செயலாளர் ஒரு துணிப்பை நிறைய ரசீதுகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆறு வீட்டார் பராமரிப்புக் கட்டணத்தை நிலுவை வைத்திருக்கிறார்கள். தரைத்தளத்தினர் லிஃப்ட் செலவில் பங்கு தர மறுக்கிறார்கள். முன்னனுபவம் இல்லாத நான் எந்தத் திறமைகளை வளர்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்: இந்தப் பொறுப்புக்குப் பேச்சுச் சாமர்த்தியம் வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நடந்ததை அன்றன்றே எழுதி வைக்கும் பழக்கமும், முகம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே விதியைப் பின்பற்றும் கட்டுப்பாடும் இருந்தால், அதிகம் பேசாதவர்கூட இந்தப் பதவியை நன்றாக நடத்திவிடலாம் என்பது என் கருத்து.

முதலில் அந்தத் துணிப்பை. ரசீதுகளை மாதவாரியாகப் பிரித்து, வங்கிக் கணக்கின் பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பொருந்தாத தொகைகளை மட்டும் ஒரு பட்டியலாக எழுதி நிர்வாகக் குழுவின் முன் வையுங்கள். முந்தைய செயலாளர்மீது குற்றம் சுமத்தும் சொல் எதுவும் அதில் வேண்டாம். நீங்கள் பொறுப்பேற்ற நாளின் வங்கி இருப்பையும் கையிருப்பையும் தலைவர், பொருளாளர் கையொப்பத்துடன் பதிவு செய்துவிட்டால், பழைய கணக்கும் உங்கள் கணக்கும் ஒன்றோடொன்று கலக்காது. வசூல் முழுவதும் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். வசதி கருதிச் செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் வாங்கும் வழக்கம் பல குடியிருப்புகளில் உண்டு. நாணயமானவர்மீதும் சந்தேகம் விழ அதுவே போதும்.

அடுத்தது தீர்மானப் புத்தகம். 'மோட்டார் பழுது குறித்து விவாதிக்கப்பட்டது' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அந்த வரியால் யாருக்கும் பயனில்லை. 'போர் மோட்டாருக்குக் காயில் கட்ட மூன்று இடங்களில் விலை கேட்கப்பட்டது. குறைந்த விலை கொடுத்தவரிடம், ஓராண்டு உத்தரவாதத்துடன், வேலையை ஒப்படைக்க முடிவானது. பணம் வேலை முடிந்து ஒரு வாரம் ஓடிய பின் தரப்படும். எதிர்த்தவர்கள் இருவர்' என்று எழுதினால் பின்னால் வாக்குவாதத்துக்கு இடமிராது. எதிர்த்தவர்களின் கருத்தையும் பதிவு செய்வது முக்கியம். தம் சொல் ஏட்டில் ஏறிவிட்டது என்று தெரிந்தவர்கள் அதை வாட்ஸ்அப் குழுவில் மறுபடி மறுபடி எழுதுவது குறைகிறது.

சேலத்தில் கோடைக்காலத்தில் செயலாளரைச் சோதிப்பது தண்ணீர். மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரை மாநகராட்சி விடாத நாட்களில் லாரித் தண்ணீரை நம்பியே ஓட்ட வேண்டியிருக்கிறது, அந்தச் செலவில்தான் கணக்கு அதிகம் கசிகிறது. வாட்ச்மேனிடம் ஒரு நோட்டும், அளவு குறித்த ஒரு நீண்ட குச்சியும் கொடுத்து, லாரி வந்த நேரம், வண்டி எண், தண்ணீர் இறக்குவதற்கு முன்னும் பின்னும் சம்பில் (நிலத்தடித் தொட்டியில்) இருந்த நீரின் உயரம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். இறக்கும்போது சம்ப் மோட்டார் ஓடக் கூடாது. நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள சம்பில் 12,000 லிட்டர் இறங்கினால் நீர் சரியாக ஒரு மீட்டர் உயர வேண்டும். எண்பது சென்டிமீட்டர்தான் உயர்ந்தது என்றால் லாரிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்ன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நிலுவைதான் உண்மையான பரீட்சை. குடிநீரை நிறுத்துவது, அறிவிப்புப் பலகையில் பெயரை எழுதுவது ஆகிய இரண்டையும் தவிருங்கள். பணம் வருகிறதோ இல்லையோ, வழக்கு வரும். மாதத்தின் பத்தாம் தேதியைக் கடைசி நாளாக வைத்து, முதலில் நினைவூட்டல், பிறகு தொகையை மாதவாரியாகக் காட்டும் கடிதம், அதற்கும் பதிலில்லையெனில் ஒப்புகையுடன் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) என்ற வரிசையை எவருக்கும் மாற்றாமல் கடைப்பிடியுங்கள். வாடகைக்கு இருப்பவர் கட்டாவிட்டாலும் கடிதம் வீட்டு உரிமையாளருக்கே போக வேண்டும், அவர் பெங்களூரில் இருந்தாலும் சரி. அந்த ஆறு பேரில் ஒருவர் உங்கள் நண்பர் என்றால் முதல் கடிதம் அவருக்குப் போகட்டும். பணத்தை வசூலிக்க வழக்குத் தொடுக்கும் உரிமைக்குக் காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்றாண்டு அவகாசமே தருகிறது. ஆகவே பழைய பாக்கியை வாயால் கேட்டுக்கொண்டே இராமல், 'இவ்வளவு தொகை நிலுவை உள்ளது, தவணையில் செலுத்துகிறேன்' என்று அந்தக் கெடுவுக்குள் கையொப்பம் வாங்கிவிட்டால், கையொப்பமிட்ட நாளிலிருந்து மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும்.

லிஃப்ட் பற்றிய தகராறில் தரைத்தளத்தினரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பொது வசதியைத் தாம் பயன்படுத்தவில்லை என்பது மட்டுமே பொதுச் செலவிலிருந்து விலகக் காரணம் ஆகாது. அப்படி ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்தால், மொட்டை மாடியின் நீர்க்கசிவை மேல்தளத்தினர் மட்டுமே சரிசெய்ய வேண்டியிருக்கும். உங்கள் கிரயப் பத்திரத்திலும் சங்கத்தின் உள்விதிகளான துணைவிதியிலும் பங்கு எந்த விகிதத்தில் குறிப்பிடப்பட்டுள்ளது என்று பார்த்து அதன்படி வசூலியுங்கள். விகிதத்தை மாற்ற விரும்புகிறவர்கள் பொதுக்குழுவில் துணைவிதித் திருத்தத்தைக் கொண்டுவரட்டும். செயலாளர் தம் விருப்பத்துக்குச் சலுகை கொடுக்கக் கூடாது. 1994-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2022-ஆம் ஆண்டின் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், உங்கள் துணைவிதியை ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வதும் நல்லது.

ஜிஎஸ்டி பற்றிய அச்சம் உங்களுக்கு வேண்டாம். ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய்க்கு மேலும், சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மேலும் போனால்தான் அந்தக் கேள்வி எழும். வீட்டுக்கு 2,000 ரூபாய் வசூலிக்கும் 36 வீட்டுச் சங்கத்தின் ஆண்டு வரவு 8,64,000 ரூபாய்தான்.

இவற்றோடு, இந்த மாதமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நிதியாண்டு முடிந்த ஆறு மாதங்களுக்குள் கணக்கும் நிர்வாகிகள் விவரமும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலமும் மூன்றாண்டைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு முன்பிருந்தவர்கள் இவற்றைச் செய்தார்களா என்று பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்து, விட்டுப்போன ஆண்டுகளை முதலில் சரிசெய்யுங்கள். கட்டண நிலுவைக்கான வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் நாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாக்கலைத்தான்.