பவளமல்லிகையை விதையிலிருந்து வளர்த்தல்: கேள்வி பதில்

கேள்வி (மாங்குளம்): ஐயா, லண்டனில் இருக்கும் என் தமக்கை, குளிர்காலத்தில் இலையில்லாக் கொம்பில் மஞ்சளாகப் பூத்து மணக்கும் ‘விண்டர்சுவீட்’ செடியின் விதையை அனுப்பட்டுமா என்று கேட்கிறார். இங்கே வருமா?

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீனத்தைத் தாயகமாகக் கொண்ட அந்தச் செடிக்குக் கடுங்குளிர் தேவை. குளிர்நாட்டிலேயே விதைக்கன்று பூப்பதற்கு 5 முதல் 10 ஆண்டுகள், சிலவேளை அதற்கு மேலும் ஆகும். அதன் விதை நச்சுத்தன்மை உடையது என்பதோடு, வெளிநாட்டு விதையைக் கொண்டுவர முன்அனுமதியும் பெற வேண்டும். மாரிக்கு மணக்க நம் வளவுக்குப் பவளமல்லிகை போதும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கோயிலடிப் பவளமல்லிகையின் காய்களைப் பொறுக்கிப் போத்தலில் வைத்திருந்து, அடுத்த ஆண்டு 12 விதை போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

பதில்: பிழை போத்தலில் இருக்கிறது. இந்த விதை நாட்பட்டால் முளைப்புத் திறனை இழக்கும் என்பதால், காய் பழுப்பாகி மரத்திலேயே காயும் தை, மாசி மாதங்களில் பறித்து, அந்தக் கிழமைக்குள்ளேயே போட்டுவிடுவது என் வழக்கம். காய் தட்டையாக, ஒரு ரூபாய்க் குற்றியளவில் இருக்கும். விளிம்பில் நகத்தை வைத்து அழுத்தினால் இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு பாதியிலும் ஒரு விதை. சப்பையானதை எறிந்துவிடுங்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மேல்மண், மணல், உக்கிய மாட்டெரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பிய பொலித்தீன் பையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, கிடுகு நிழலில் வைத்துப் பூவாளியால் தண்ணீர் தெளித்து வாருங்கள். முளை வெளிவர மூன்று முதல் ஐந்து கிழமைகள் எடுக்கும். இரண்டாம் கிழமையிலேயே பொறுமையிழந்து பையைக் கிளறிப் பார்த்து முளையை முறித்தவர்களில் நானும் ஒருவன். இத்தனை பாடும் வேண்டாமென்றால், தாய்மரத்தின் கீழே தானாக முளைத்து நிற்கும் கன்றுகளை மழை ஈரத்தில் மண்ணோடு கிளப்பி வரலாம்.

கேள்வி (பரந்தன்): நான்கு இலை விட்ட கன்றுகள் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துவிடுகின்றன. எங்களுடையது வயற்காணி.

பதில்: அது நாற்றழுகல், ஈரம் மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். பையின் அடித்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மேல்மண் காய்ந்த பிறகே, அதுவும் காலையில், தண்ணீர் விடுங்கள். பையில் தப்பினாலும் உங்கள் களிமண்ணில் மாரி வெள்ளம் தேங்கி வேரை அழுக வைக்கும். ஆகவே இரண்டடி அகலத்தில் மண்ணை ஒரு முழம் உயர்த்தி, அந்த மேட்டில் நடுங்கள். செம்மண் காணிக்காரருக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களுக்குக் கறையான்தான் தொல்லை, அதனால் உக்காத எருவைக் குழியில் போடக் கூடாது. நடுவதற்கு ஐப்பசி முதல் மழையே தக்க நேரம். மாரி முழுவதும் வேரோடிய கன்று, முதல் கோடையில் கிழமைக்கு இரண்டு தடவை தண்ணீர் கிடைத்தால் நிமிர்ந்துவிடும்.

கேள்வி (பூநகரி): எங்கள் கிணற்று நீர் உவர். அதை ஊற்றலாமா?

பதில்: கன்றுக்கு ஊற்ற வேண்டாம். மழைநீரைத் தாங்கியில் பிடித்து வைத்து, முதல் கோடையைக் கடத்துங்கள்.

கேள்வி (வவுனியா): எத்தனை ஆண்டில் பூக்கும்? அடுத்த வீட்டு மரத்தில் விடியும்போது ஒரு பூவும் இருப்பதில்லையே?

பதில்: நல்ல வெயில் படும் இடமானால் இரண்டு, மூன்று ஆண்டுகளில் பூக்கும். அந்திக்குப் பின் விரிந்து, விடியுமுன் உதிர்வதே அதன் இயல்பு. நிலத்தில் விழுந்த பூவைப் பூசைக்கு எடுக்காத நம்மவர்கள் இதற்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்கள்; செம்மஞ்சள் காம்பில் மண் ஒட்டாமல் இருக்க, படுக்கப் போகுமுன் மரத்தடியில் பழைய சேலையொன்றை விரித்துவிடுங்கள். பூத்து முடிந்ததும் கொம்புகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடலாம், ஆனால் விதைக்காக இரண்டு கொம்புகளை மட்டும் காய் முற்றும்வரை விட்டு வையுங்கள்.